காலையில் உங்கள் கோப்பையில் என்ன?



சென்ற மாதம் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் குழுவின் மாதாந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புக் கணக்குப் பார்க்க வேண்டிய பொருளாளர் வந்துசேரப் பிந்திவிட்டார். காத்திருந்த பதினைந்து, பதினாறு பெண்களிடம் பொழுதுபோக்காக ஒரு கேள்வி கேட்டேன். "உங்களுக்கு ஆகவும் பிடிச்ச காலமைச் சாப்பாடு என்ன?"

சிரிப்பும் கலகலப்பும் உண்டானது. ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்: "என்ர மூத்தவனுக்கு இடியப்பமும் சொதியும் எண்டால் உயிர், மிஸ்." அடுத்தவர், "சின்னவள் பாணைத் தவிர வேற ஒண்டும் தொடமாட்டாள்" என்றார். இன்னொருவர், "அவர் இருக்கேக்க புட்டும் மீன் குழம்பும்தான் கேப்பார்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாமியாருக்குப் பிடித்தது, பேரப்பிள்ளைக்குப் பிடித்தது, தம்பிக்குப் பிடித்தது என்று பதில்கள் வந்துகொண்டேயிருந்தன.

"இதெல்லாம் அவையளின்ர விருப்பம். நான் கேட்டது உங்கட விருப்பத்தை" என்று மறுபடியும் கேட்டேன். கலகலப்பு அடங்கிவிட்டது. கடைசியில் ஓர் அக்கா சொன்னார்: "எங்களுக்கெண்டு என்ன விருப்பம் மிஸ்? மிஞ்சினதைச் சாப்பிடுறதுதானே."

சரி, விருப்பம் இருக்கட்டும் என்று, "இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன். அப்போது நேரம் பத்தரை மணி. பாதிக்கு மேற்பட்டவர்களின் பதில் ஒன்றாகவே இருந்தது: பிளேன்ரீ. சிலர் சீனி போட்டு, சிலர் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு. அதிகாலை நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, தேங்காய் துருவி, பத்துப் பேருக்குச் சமைக்கத் தெரிந்த பெண்கள், பத்தரை மணி வரை வெறும் தேநீரில் இருந்தார்கள்.

அவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி அன்று எனக்கு இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தேன். காலை ஆறரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நின்ற நிலையில் ஒரு பிளேன்ரீ. பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பணிஸ். தாய்மாருக்குப் போசாக்குப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள் கண் இருண்டுகொண்டு வந்தது. கதிரையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு இரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. கர்ப்பமில்லாத வயதுவந்த பெண்ணுக்கு அது 12க்குக் குறையக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, நான் எத்தனையோ தாய்மாரிடம் கேட்ட அதே கேள்விதான். "காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்களுடைய காலைப்பொழுது எப்படி நகர்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். புட்டை எடுத்துக்கொள்வோம். வறுத்த சிவப்பரிசி மாவுக்கு அளவாக உப்புப் போட்டு, கொதிதண்ணீர் விட்டுக் குழைத்து, சுண்டால் கொத்தி, தேங்காய்ப்பூக் கலந்து, நீத்துப்பெட்டியில் போட்டு அவிக்க வேண்டும். மா சூடாக இருக்கும்போதே கொத்தாவிட்டால் கட்டிப்பட்டுவிடும். ஒரு பக்கம் சம்பல், மறுபக்கம் பிள்ளையின் சப்பாத்து, இடையில் மாமனாருக்குக் குளிசை. முதல் நீத்துப்பெட்டி பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு. அடுத்தது வேலைக்குப் போகிறவர்களுக்கு. பிறகு வயதானவர்களுக்கு. உங்கள் முறை வரும்போது பானைத் தண்ணீர் வற்றியிருக்கும், கூலி வேலைக்கு ஏற்றிப்போகும் லான்ட்மாஸ்ரர் வாசலில் நிற்கும், அல்லது ஆடைத் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். சட்டியில் ஒரு பிடி புட்டு இருந்தால் அதையும் "பின்னேரம் பிள்ளை வந்து கேப்பான்" என்று மூடி வைத்துவிட்டு ஓடுவீர்கள்.

எனது அம்மா பழஞ்சோறு குழைக்கும் காட்சி இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிழிந்து, முதல்நாள் குழம்பை அதிலே விட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுக் குழைப்பார். நாங்கள் சுற்றிவர இருந்து கையை நீட்டுவோம். உருண்டை உருண்டையாக ஒவ்வொரு கையிலும் வைப்பார். எங்களுக்கு வயிறு நிரம்பியதும் சட்டியைக் கழுவினாற்போல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதைக் கலக்கிக் குடிப்பார். அம்மாவுக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

பிறகு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போதுதான் இதைப் பற்றி அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. வறுமையை அளப்பவர்கள் வீட்டுக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு அரிசி என்று கணக்கெடுப்பார்கள். அந்த அரிசி வீட்டுக்குள் வந்த பிறகு யாருடைய கோப்பைக்கு எவ்வளவு போனது என்பது அந்தக் கணக்கில் வராது. 1998ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் இந்த விடயத்தைப் பற்றி விரிவாக எழுதியவர். குடும்பத்தின் நலனிலிருந்து பிரித்துத் தன் நலனைப் பார்க்கவே பல பெண்களுக்குத் தெரியாமற் போகிறது என்று அவர் விளக்கினார். விரிவுரை மண்டபத்தில் அதைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் சட்டித் தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் பகுதிகளில் இந்தப் பழக்கத்தை யுத்தம் இன்னும் இறுக்கிவிட்டது. ஒவ்வொரு இடப்பெயர்வும் எங்கள் காலைச் சாப்பாட்டை மாற்றியது. 1995ஆம் ஆண்டு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்த சனங்கள் நிவாரண அட்டைக்குக் கிடைத்த கோதுமை மாவில் ரொட்டி சுட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் வன்னியில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த கஞ்சிதான் பலருக்குக் காலையும் மத்தியானமும் இரவும். அதன் நினைவாக இன்றும் மே மாதத்தில் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறோம். பிறகு செட்டிகுளம் முகாம்களில் கோப்பையோடு வரிசை. அங்கே மாதக்கணக்காகப் பருப்புச் சாப்பிட்ட ஒரு தங்கை, இன்றும் பருப்பின் வாசம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மா விலையும் எரிவாயுத் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது, பழையபடி முதலில் வெட்டு விழுந்தது தாயின் காலைச் சாப்பாட்டில்தான்.

அந்தக் காலங்களில் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்த தாய் பிள்ளையைக் காப்பாற்றினாள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனது உயிரும் அப்படிக் காப்பாற்றப்பட்டதுதான். ஆனால், அன்று வேறு வழியில்லாமல் செய்ததை, வீட்டில் மா இருக்கும் இன்றைக்கும் பழக்கத்தினால் செய்துகொண்டிருக்கிறோம்.

கூட்டத்துக்கு மறுபடி வருகிறேன். கொஞ்சநேரம் பேச்சு இல்லாமல் இருந்த பிறகு, ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்குப் பெரியபிள்ளையான நேரம் அம்மம்மா கிண்டித் தந்த உழுத்தங்களி. நல்லெண்ணெய் மணக்க மணக்க. அதுக்குப் பிறகு அப்பிடி ஒருதரும் எனக்கெண்டு சமைச்சுத் தரேல்லை." பிறகு மற்றவர்களும் வாய் திறந்தார்கள். அவித்த பனங்கிழங்கை மிளகும் உள்ளியும் உப்பும் சேர்த்து இடித்துச் சாப்பிடுவது என்றார் ஒருவர். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தில் பிறந்த ஓர் அக்கா, தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்றார். அவருடைய அம்மா கொழுந்து பறித்த காலத்தில் விடியற்காலை கட்டிக்கொண்டு போன சாப்பாடு அது. விளிம்பு மொறுமொறுத்த பாலப்பம் என்றார் இன்னொருவர். கல்யாணத்துக்கு முன் தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் கட்டிக்கொண்டு வருவாராம். சொல்லச் சொல்ல அவர்களின் முகங்கள் மாறுவதைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய மனைவியாகவும் தாயாகவும் இருந்தவர்கள், சற்று நேரம் தாங்களாகவே இருந்தார்கள்.

ஒரு மூலையில் வயதான ஓர் அம்மா பேசாமல் இருந்தார். அவருடைய மகன் 2009இல் காணாமல் போனவர். நாங்கள் அவரைக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "எனக்கும் அவனுக்கும் குரக்கன் புட்டுத்தான் விருப்பம். வாழைப்பழத்தோட பிசைஞ்சு சாப்பிடுவம். அவன் இல்லாமல் போன நாளில இருந்து நான் அதை அவிக்கேல்லை. எப்பிடி என்ர வாயில வைக்கிறது?"

எவருக்கும் பேச்சு வரவில்லை. இப்படியான வேளையில் ஆறுதலாக என்ன சொல்வது என்று பயிற்சிப் பட்டறைகளில் படித்திருக்கிறேன். ஒன்றும் என் வாயில் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண், தானும் கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர், மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அவன் வந்து புட்டுக் கேட்டால், நீங்கள் இல்லாட்டி ஆர் அவிச்சுக் குடுக்கிறது?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சேமிப்புப் புத்தகத்தை நீட்டினார். பொருளாளர் வந்துவிட்டிருந்தார்.

சகோதரிகளே, துக்கத்தினால் ஒரு சாப்பாட்டைத் தொடாமல் விடுவது எங்களில் பலருக்கு உள்ள வழக்கம். அது பிழை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வெள்ளிக்கிழமை விரதமோ, கந்தசஷ்டியோ, றமழான் நோன்போ, தவக்காலமோ, மனம் விரும்பிப் பட்டினி இருப்பதும் வேறு விடயம். ஆனால், நான் உயிரோடு இருப்பதே குற்றம், நான் ருசித்துச் சாப்பிட்டால் போனவர்களுக்குத் துரோகம் என்ற எண்ணம் உள்ளே இருந்து எங்களைப் பட்டினி போடுமானால், அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் அன்று நடந்தது அதுதான். நோன்பு காலத்தில் சஹருக்கு எல்லோருக்கும் முன் எழும்பிச் சமைத்து, எல்லோருக்கும் பின் அவசரமாக நாலு வாய் அள்ளிப்போடும் முஸ்லிம் சகோதரிகளும் இதே கதையைத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டுக்குக் காலையில் போயிருந்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி பள்ளிக்கூடச் சீருடையோடு நின்று தம்பிக்கு ரொட்டி வைத்துக் கொடுத்தாள். தான் ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கினாள். "நீ சாப்பிடேல்லையா?" என்று கேட்டேன். "நானும் அம்மாவும் பிறகு சாப்பிடுவம்" என்றாள். பெருமையோடு சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தாயைப் பார்த்துப் பழகியது. மாதவிடாய் தொடங்கும் வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்து எவ்வளவு தேவை என்பதை நினைத்துப் பாருங்கள். நாம் தியாகம் என்று நினைத்து விட்டுக்கொடுக்கும் ஒரு பிடிச் சாப்பாடு, நமது மகளின் கோப்பையிலிருந்தும் போய்விடுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? பணம் செலவழித்துச் செய்ய வேண்டியவற்றை நான் சொல்லப் போவதில்லை.

முதலாவது, சமைத்து இறக்கியதும் உங்கள் பங்கை முதலில் எடுத்து ஒரு கோப்பையில் போட்டு மூடி வையுங்கள். பிறகு மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள். இருப்பது குறைவென்றால் எல்லோருக்கும் சிறிது குறையட்டும். "இது அம்மாவின் சாப்பாடு" என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். ஆரம்பத்தில் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். எனக்கு அம்மாவைப் பழக்க இரண்டு மாதம் எடுத்தது.

இரண்டாவது, தேநீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். தேயிலையில் உள்ள ஒரு பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். அதற்கு மாறாக, தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம் போன்றவை இரும்புச்சத்துச் சேர்வதற்கு உதவும். சம்பலுக்கு நாங்கள் தேசிக்காய்ப் புளி விடுவது வீண் வேலையல்ல.

மூன்றாவது, காலையில் நேரமில்லை என்றால் இரவே ஆயத்தம் செய்யலாம். பயறு, கௌபி, கடலை ஆகியவற்றில் ஒன்றை முதல்நாட் காலையில் ஊறப்போட்டு, இரவு அவித்து வைத்தால், காலையில் சூடாக்கிக் கொஞ்சம் தேங்காய்ப்பூவோடு சாப்பிடலாம். பழஞ்சோறு ஏழைகளின் சாப்பாடு என்று ஒதுக்காதீர்கள். ஓர் இரவுக்கு மேல் வைக்காமல், மூடி வைத்து, தயிரோ தேசிக்காய்ப் புளியோ விட்டுச் சாப்பிடுங்கள். வேலியோரத்து முருங்கையிலை, வயல்வரம்புப் பொன்னாங்காணி, வல்லாரை இவற்றில் கிடைத்ததைப் போட்டு ஒரு பிடி அரிசியில் இலைக்கஞ்சி காய்ச்சலாம். குரக்கனில் கல்சியம் நிறைய உண்டு. மாவாக அரைத்து வைத்தால் ரொட்டியும் சுடலாம், கூழும் காய்ச்சலாம்.

நான்காவது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கிளினிக்கில் திரிபோஷா கிடைத்தால், உங்கள் பெயருக்குத் தரும் பைக்கற் உங்களுக்குரியது. 1973ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் நோக்கமே அதுதான். அதை உருண்டை பிடித்து வீட்டில் எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டு, நீங்கள் கையை நக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்களும் ஊசி போடுபவர்களும் காலைச் சாப்பாட்டைத் தவறவிடுவது ஆபத்து. சில மருந்துகளை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கி மயக்கம் வரலாம். உங்கள் மருந்தை எப்போது, சாப்பிட்டா சாப்பிடாமலா எடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடிக்கடி தலைச்சுற்று, களைப்பு, மூச்சு வாங்குதல் இருந்தால் "வேலை கூடிப்போச்சு" என்று விட்டுவிடாமல் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். 35 வயதானவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வெல் வுமன் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள்.

எனது காலைப்பழக்கம் இப்போது மாறிவிட்டது. ஆறரை பஸ்ஸுக்குப் பதில் ஏழு மணி பஸ்ஸில் போகிறேன். அந்த அரை மணித்தியாலத்தில் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, இருப்பதைச் சாப்பிடுகிறேன். அநேகமாக அரிசிமாப் புட்டும் சம்பலும்; வாழைப்பழம் இருந்தால் அதுவும். பிளேன்ரீயை அலுவலகத்துக்குப் போய்த்தான் குடிக்கிறேன். அம்மாவும் என்னோடு இருந்து சாப்பிடுகிறார். சட்டி கழுவிய தண்ணீர் இப்போது வாழைமரத்துக்குப் போகிறது.

இந்த மாதம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிடித்த காலைச் சாப்பாடு எது என்று எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் விருப்பமும் வேண்டாம், மாமியின் விருப்பமும் வேண்டாம். உங்களுடையதை மட்டும் எழுதுங்கள். எழுதுவதற்கு முதல் அதை ஒரு நாளாவது உங்களுக்கென்று சமைத்து, சூடு ஆறமுதல் சாப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.